முந்நூறு விநாடி

குச்சவெளி ஐஸ் ஆலைக் கூரையில்
இருநூற்று நாற்பது தகடுகள்.
மூன்று நாளாய்க் கச்சான் காற்று
அவற்றின் மேல் தூசி அரைத்துப் பூசுகிறது.
கழுவ ஒரு பௌசர் கேட்டேன்.
"ஐஸுக்கே தண்ணி பத்தாது மிஸ்" என்றார் ஹில்மி.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு லைன் போனது.
வெயில் போகவில்லை.
தலைக்கு மேல் நின்றது,
கூலிக்கு யாரும் கூப்பிடாத ஆள் மாதிரி.

சுவரில் நான் பூட்டிய மூன்று இன்வெர்ட்டர்களும்
ஒன்றாகக் கண்ணை மூடின.
கம்ப்ரசர் இரண்டு தரம் இருமி ஓய்ந்தது.
வாசலில் கும்பளா ஏற்றிய லொறி
எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தது.

"சூரியன் இரிக்கி, தகடு இரிக்கி,
பேங்க் கடனும் இரிக்கி.
கரண்ட் மட்டும் எங்க மிஸ்?"

எப்படிச் சொல்வது?
இந்தப் பெட்டிகளுக்குச் சொந்தத் தாளம் கிடையாது.
லைனில் ஓர் அலை
விநாடிக்கு ஐம்பது தரம் எழுந்து விழும்.
அதைக் காது கொடுத்துக் கேட்டு
அதன் அடியிலேயே அடி வைத்து
தம் பங்கை ஊற்றும்.
அலை நின்றால்
எங்கே கால் வைப்பதென்று தெரியாது.

இடையிடையே லேசாய் ஒரு தரம்
லைனைச் சீண்டியும் பார்க்கும்.
இழுத்துப் பிடித்து நிமிர்த்த
அந்தப் பக்கம் ஒரு பெரிய கை இருந்தால் சரி.
சீண்டிய பக்கமே எல்லாம் சாய்ந்தால்
யாருமில்லை, தனித்துவிட்டோம்.

தீவாதல் என்பார்கள் இதை.
தீவில் பிறந்த நாங்கள்
தீவாவது பிழை என்று பரீட்சை எழுதினோம்.
இரண்டு விநாடிக்குள் அணைய வேண்டும்: விதி.

விதி என்றால் ஹில்மி கேட்கமாட்டார்.
ஆகவே இதைச் சொன்னேன்:
இறக்கக்கண்டித் திருப்பத்தில்
கம்பியில் விழுந்த பனைமட்டையை எடுக்க
இப்போது கமலேந்திரன் கம்பத்தில்.
அவன் கையுறையில்
இடது பெருவிரல் ஓட்டை.
உங்கள் ஐஸுக்கு நான் தள்ளும் கரண்ட்
நேரே அந்த ஓட்டையைத் தேடிப் போகும்.

ஹில்மி லொறியைப் பார்த்தார்.

நாலாவது பெட்டி இன்னும் அட்டைக்குள்.
அது வேறு ரகம்.
பற்றரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
தானே தாளம் போடும்.
பாரம் ஏறினால் ஒரு மயிரிழை தளரும்,
இறங்கினால் நிமிரும்.
அந்தத் தளர்வைப் பார்த்தே மற்றவை
தங்கள் பங்கைத் தூக்கிக்கொள்ளும்,
ஒரு வார்த்தை பேசாமல்.
அம்பா பாடாமல் கரைவலை இழுக்கிறவர்களுக்கும்
கயிறுதான் சொல்லும்,
முன்னால் நிற்பவன் களைத்துவிட்டான் என்று.

ஆனால் அதற்கு
லைனை இங்கேயே வெட்டி வாசலை அடைக்க
ஒரு பிரேக்கர் வேண்டும்.
கொழும்பிலிருந்து வருகிறது.
மூன்று மாதமாக வந்துகொண்டிருக்கிறது.

பன்னிரண்டரைக்கு ஃபோன்.
"மிஸ், குடுத்தாச்சு."
திரையில் அலை.
பெட்டிகள் உடனே நம்பவில்லை,
முந்நூறிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கின.
லொறிக்காரன் பீடியை வீசிவிட்டு உள்ளே வந்தான்.
நூற்றுப்பத்து.
எழுபது.
நாற்பத்தொன்றில் லைன் கண் சிமிட்டியது.

மறுபடி முந்நூறு.

லொறிக்காரன் ஏதோ திட்டினான்.
நிலாவெளியில் ஐஸ் கிடைக்கும் என்று
கியரைப் போட்டுப் போயே விட்டான்.

ஹில்மி பிளாஸ்டிக் கதிரையை இழுத்து
திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.
வாய்க்குள் அவரும் எண்ணுகிற மாதிரி இருந்தது.
இருநூற்று அறுபதில் திரும்பாமலே கேட்டார்:
"அந்தப் பொடியன் திரும்ப ஏறுவானோ?"

தெரியாது என்றேன்.

இருநூற்று ஐம்பத்திரண்டில்,
"கையுறை அவனுக்கு என்ன சைஸ் மிஸ்?"